தீவுக் காட்டில் களையை விதைக்கிற பறவையை என்ன செய்வது?

விதைப்பை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறு தீவில் களையெடுக்கும் தன்னார்வக் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன். வெளியிலிருந்து வந்து பரவிய புதர்களை வேரோடு பிடுங்குவோம், அந்த இடத்தில் தீவுக்கே உரிய மரங்களின் நாற்றை நடுவோம், அப்புறம் கன்று நிமிரும்வரை காவல் இருப்போம். பிடுங்கிய இடம் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த மழை முடிந்து போய்ப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் பாய் விரித்ததுபோல உண்ணிச்செடி முளைத்திருக்கும். அந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு பட்ட மரம் நிற்கிறது, மாலையானால் அதன் உச்சிக் கிளையில் பறவைகள் வந்து அடைகின்றன. மூன்று வருடமும் இதே கதைதான்.

போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இந்தப் பறவைகளும் வெளியிலிருந்து வந்தவைதானே, வலை போட்டுப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றார். பலரும் தலையாட்டினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம்தான் அந்த மரத்தடியில் கிடந்த எச்சங்களைப் பொறுக்கி வந்து தண்ணீரில் கரைத்து வடிகட்டிப் பார்த்திருந்தேன். களை விதைகளுக்கு நடுவே நாங்கள் பாடுபட்டு நடுகிற மரத்தின் விதைகளும் இருந்தன. அதே பறவை, அதே எச்சம்.

அந்தப் பறவை நமக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா? தீவுகளைப் பற்றிப் படித்தவர்கள், அங்கே வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். ஆமை, ஓணான், பல்லி பற்றியும் தெரிந்துகொள்ள ஆசை, எங்கள் தீவில் அரணைகளும் பழம் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.


கூர் அலகு:

விதைப்பை, முதலில் அந்த வலையை நிறுத்தி வையுங்கள். ஹவாயின் ஓவாஹூ தீவில் நடந்ததைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுக்கலாம்.

ஹவாய்த் தீவுகள் நடுக்கடலில் எரிமலையாக எழுந்தவை, எந்தக் கண்டத்தோடும் ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. அங்கே மனிதர் கால் வைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்த பூக்கும் செடிகளின் மூதாதைகளில் சுமார் முக்கால் பங்கைப் பறவைகள்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று தாவரவியலாளர் ஷெர்வின் கார்ல்குவிஸ்ட் கணக்கிட்டார். சில விதைகள் வயிற்றில் வந்தன, சில இறகில் ஒட்டிக்கொண்டு வந்தன, சில காலில் அப்பிய சேற்றில் வந்தன. அப்படிப் பறவை போட்ட காட்டில் இன்றைக்கு என்ன நிலைமை என்றால், ஓவாஹூவில் பழம் தின்று விதை பரப்பிய சொந்தப் பறவைகள் எல்லாமே போய்விட்டன. காட்டை வெட்டியதால் போனவை சில, எலியால் போனவை சில, கொசு கொண்டுவந்த பறவை மலேரியாவால் போனவை சில. மரங்கள் மட்டும் நிற்கின்றன. பழம் பழுக்கிறது, அதைத் தின்று பழகிய வாய்தான் இல்லை.

இப்போது அந்த வேலையைச் செய்வது யார்? ஜப்பானிலிருந்து வந்த வெள்ளைக்கண்ணி, ஆசியாவிலிருந்து போன இரண்டு வகைச் சின்னான், சிவப்பு அலகுள்ள லியோத்ரிக்ஸ் என்ற குருவி. எல்லாமே மனிதர் கொண்டுபோய் விட்டவை. இந்தப் பறவைகளைப் பிடித்து ஆயிரக்கணக்கான எச்சங்களைச் சேகரித்து, அதில் இருந்த விதைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்ட ஆய்வு 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. எந்தப் பறவை எந்தச் செடியின் விதையைக் கடத்துகிறது என்று வரைந்து பார்த்தால், அந்த உறவுகளில் பாதிக்கும் மேல் வந்தேறிப் பறவைக்கும் வந்தேறிச் செடிக்கும் இடையில்தான். இதுவரை கேட்டால் உங்கள் கூட்டத்தில் பேசியவர் சொன்னது சரி என்றுதான் தோன்றும். ஆனால் மிச்சத்தையும் பாருங்கள். அங்கே சொந்தச் செடி ஒன்றின் விதை தாய்மரத்தைவிட்டு நகர்கிறதென்றால் அதுவும் இதே வந்தேறிப் பறவைகளால்தான் நகர்கிறது. இவற்றையும் பிடித்துவிட்டால் களை பரவுவது குறையும், கூடவே சொந்த மரங்கள் பரவுவதும் நின்றுபோகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கவலை. இந்தப் புதுப் பறவைகள் எல்லாம் சிறியவை, வாய் சிறியது. கடுகு, மிளகு அளவு விதையை விழுங்கும், பெரிய கொட்டையை விழுங்க முடியாது. பெரிய விதைகளைச் சுமந்த ஹவாய்க் காகம் 2002இலிருந்தே காட்டில் இல்லாமல் போனது. பிறகு கூண்டில் வளர்த்துத் திரும்ப விட்டதில் பலவற்றைப் பருந்து அடித்துவிட்டது, மிஞ்சியவற்றை 2020இல் மறுபடி பிடித்து வைக்க வேண்டியதாயிற்று. நியூசிலாந்தில் அந்த வேலை கெரெரூ என்ற ஒரே புறாவின் தலையில் விழுந்திருக்கிறது, அங்குள்ள மிகப் பெரிய பழங்களை முழுதாக விழுங்கக்கூடிய பறவை வேறெதுவும் மிச்சமில்லை. அதனால் உங்கள் தீவில் நடுகிற மரங்களை விதையின் அளவு வாரியாக ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சின்ன விதை மரங்களைப் பறவையே கொண்டுபோகும். பெரிய விதை மரங்களுக்கு உங்கள் கைதான் பறவை.


மலைச்சாரல்:

கூர் அலகு சொன்னதில் தவறில்லை, ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் சின்னானைச் செல்லமாகப் பார்க்க ஆரம்பிக்க வேண்டாம்.

ரீயூனியன் தீவுக்கு மீசைச் சின்னான் 1972இல் வந்தது. பக்கத்து மொரீஷியஸில் அது 1892இலிருந்தே இருக்கிறது. ரீயூனியனில் முள் நிறைந்த காட்டு ராஸ்பெரி, ப்ரிவெட், கிளிடெமியா என்ற களைப் புதர்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. பறவை வந்ததும் அந்தப் பழங்களுக்கு ஒரு வாகனம் கிடைத்தது, கூட்டம் கூட்டமாகத் தின்றுவிட்டுக் காட்டுக்குள் போய் எச்சமிட்டது.

தஹிதியைப் பாருங்கள். மிகோனியா என்ற மரத்தை அழகான இலைக்காக 1937இல் ஒரு தோட்டத்தில் வைத்தார்கள். அடிப்புறம் ஊதா நிறத்தில், ஆள் கையளவுக்கும் பெரிய இலை. ஒரே மரம் லட்சக்கணக்கில் விதை கொட்டும், விதையோ மணல்துகள் போல. அங்கே கொண்டுவந்து விடப்பட்டிருந்த வெள்ளைக்கண்ணியும் பிறகு வந்த சின்னானும் அதை மலை மேலெல்லாம் கொண்டுபோயின. இன்றைக்குத் தீவின் மூன்றில் இரண்டு பங்கில் அந்த மரம் இருக்கிறது. அடர்ந்த நிழலுக்குக் கீழே வேறெதுவும் எழுவதில்லை, வேர் மேலோட்டமாக ஓடுவதால் சரிவுகளில் மண்ணும் சரிகிறது. அங்குள்ளவர்கள் அதைப் பச்சைப் புற்றுநோய் என்கிறார்கள்.

இதைப் படித்த பிறகும் பறவையை விட்டுவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? செஷெல்ஸ் நாட்டில் அஸம்ப்ஷன் என்ற தீவில் 5,000-க்கும் மேற்பட்ட மீசைச் சின்னான்களைப் பிடித்து முழுக்க ஒழித்தார்கள். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் அல்டாப்ரா இருக்கிறது, லட்சம் ராட்சத ஆமைகள் வாழும் பவளத்தீவு. அங்கே சின்னான் குடியேறிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். உண்மையிலேயே ஒரு பறவை அல்டாப்ராவரை போய்விட்டது, அதையும் தேடி முடித்தார்கள். செய்ய முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள்.


புதியவள்:

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன், அருமையாக இருக்கிறது. ஒரு சந்தேகம்: பறவைக்குக் களைப் பழம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? சொந்த மரத்தின் பழம் கண்ணுக்கெதிரே இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஏன் உண்ணிச்செடிக்குப் போக வேண்டும்?


கூர் அலகு:

புதியவள், பறவை எதையும் விடுவதில்லை அம்மா. எது கைக்கெட்டுகிறதோ அதைத் தின்கிறது. களை அதிகமாகக் கைக்கெட்டுகிறது, அவ்வளவுதான்.

உண்ணிச்செடியை நினைத்துப் பாருங்கள். வருடத்தில் பல மாதம் காய்க்கும், காட்டின் ஓரத்தில் வெளிச்சத்தில் நிற்கும், பழம் சின்னது, எந்தச் சின்ன வாய்க்கும் பொருந்தும், ஒரே புதரில் பச்சையும் பழமுமாக அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். காட்டு மரமோ வருடத்தில் சில வாரம் காய்த்து நிறுத்திவிடும். அந்த இடைப்பட்ட மாதங்களில் பறவைக்குச் சோறு போடுவது களைதான். அதனால்தான் பறவை களையைச் சுற்றியே வாழப் பழகுகிறது.

வயிற்றுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், எச்சம் ஆராய்கிற விதைப்பைக்குப் பயன்படும். பழத்தின் சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கும், சதை நீங்காத விதை பல நேரம் அழுகும் அல்லது உறங்கும். பறவை சதையை உரித்து எடுத்துவிடுகிறது. சில விதைகளுக்கு உறையும் சற்றுத் தேய்ந்து தண்ணீர் புக வழி கிடைக்கிறது. சின்னப் பறவையின் குடலை விதை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும், ஆகவே பறவை தின்ற இடத்துக்கும் எச்சமிடும் இடத்துக்கும் இடையே தூரம் அதிகமிருக்காது. உங்கள் பட்ட மரத்தடியில் முளைப்பது பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில் காய்த்துக்கொண்டிருக்கும் புதரின் பிள்ளைதான். அந்தப் புதரைத் தேடுங்கள்.

மலைச்சாரலுக்கு: அஸம்ப்ஷனில் செய்தது சரியான வேலை, நான் மறுக்கவே இல்லை. ஆனால் அங்கே காப்பாற்ற வேண்டியது பக்கத்தில் முழுதாக இருந்தது. காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாத இடத்தில் பறவையையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக்கில் குவாம் தீவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பல் சரக்கோடு பழுப்பு மரப்பாம்பு அங்கே வந்து சேர்ந்தது. காட்டில் வாழ்ந்த 12 வகைச் சொந்தப் பறவைகளில் 10 போய்விட்டன. பக்கத்துத் தீவான சைபானில் பறவைகள் இன்னும் இருப்பதால் இரண்டு தீவையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 2017இல் வெளியான ஆய்வு, பறவைகள் இல்லாததால் இரண்டு மர வகைகளில் புதுக் கன்று உருவாவது 61 முதல் 92 சதவீதம் வரை குறைந்திருக்கும் என்று கணக்கிட்டது. அந்த இரண்டில் ஒன்று முன்னை, நமக்கெல்லாம் பெயர் தெரிந்த மரம். குவாமில் இப்போது பழம் தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்து கிடக்கிறது. அங்கே ஊசி மிளகாய்க்கே சாலி என்கிற பறவையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், அந்தப் பறவை தின்று பரப்பியதால். மைனா குடும்பத்துக் கருப்புப் பறவை அது. மிளகாய் உறைப்பு பறவைக்கு உறைக்காது. பறவை குறைந்தபின் காட்டு மிளகாயும் குறைந்துவிட்டது.


ஆமைநடை:

பறவையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஆமையைக் கொஞ்சம் பார்ப்போம். ‘சொந்தப் பிராணி நல்லது, வந்த பிராணி கெட்டது’ என்ற கோடு ஆமையிடம் வந்தால் அழிந்துவிடும்.

கலாபகோஸில் சாந்தாகுருஸ் தீவு. அங்குள்ள ராட்சத ஆமைகள் தாழ்வான வறண்ட பகுதிக்கும் மேலே ஈரமான மலைப் பகுதிக்கும் பருவம் பார்த்து நடக்கின்றன. விதை அவற்றின் குடலில் சராசரியாக 12 நாள் இருக்கிறது, சில சமயம் 28 நாள்வரை. இத்தனை நாள் நடந்தால் ஆமைகூட வெகுதூரம் போய்விடும், ஆய்வில் சில விதைகள் கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்திருக்கின்றன. ஒரு சாணக் குவியலில் சராசரியாக 464 விதைகளை எண்ணினார்கள், மொத்தம் 45-க்கும் மேற்பட்ட செடி வகைகள். அதில் சொந்தச் செடிகளும் இருந்தன, மனிதர் கொண்டுவந்தவையும் இருந்தன. மேலே தோட்டங்களில் மண்டிக்கிடக்கும் கொய்யாவை ஆமை ஆசையாகத் தின்கிறது, விதைகளை முழுதாகச் சாணத்தில் போடுகிறது. கொய்யா அங்கே பெரிய களை. ஆக, உலகமே காப்பாற்றப் பாடுபடுகிற, அந்த மண்ணிலேயே உருவான ஆமை களையைச் சுமக்கிறது. அதற்காக ஆமையைப் பிடிக்கலாமா என்று யாராவது கேட்பார்களா? பறவைக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி உடனே வருகிறது?

இதே ஆமைதான் கலாபகோஸ் தக்காளிக்கும் வழி செய்கிறது. அந்தத் தக்காளி விதை சாதாரணமாக விதைத்தால் முளைக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும், ஆமை வயிற்றில் போய் வந்த விதை நன்றாக முளைக்கும். இதை 1961இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

மொரீஷியஸில் இன்னும் துணிச்சலான காரியம் நடந்தது. அந்தத் தீவின் சொந்த ராட்சத ஆமைகள் எப்போதோ முற்றிலும் அழிந்தவை. கரைக்குப் பக்கத்தில் 26 ஹெக்டேர் பரப்புள்ள இல் ஒ ஸெக்ரெட் என்ற திட்டில் ஒரு வகைக் கருங்காலி மரம் இருக்கிறது. விறகுக்காக வெட்டித் தீர்த்ததில் மிச்சமிருந்த மரங்களின் பழம் அடியிலேயே விழுந்து கிடந்தது, வெட்டிய பகுதிகளில் கன்றே இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வேறு தீவின் ஆமை, அழிந்துபோன ஆமையின் இடத்தில். அவை கருங்காலிப் பழத்தை விழுங்கின, குடலைக் கடந்து வந்த விதைகள் கூடுதலாக முளைத்தன, தாய்மரங்கள் இல்லாத இடங்களில் கொத்துக் கொத்தாகக் கன்றுகள் வந்தன. அப்புறம் 2007இல் ரவுண்ட் தீவிலும் விட்டார்கள். அங்கே ஆடும் முயலும் மேய்ந்து மொட்டையாக்கிய நிலம் அது, அவற்றை 1979, 1986 ஆண்டுகளில் அகற்றியிருந்தார்கள். அங்கே கவனித்தபோது ஆமைகள் சொந்தச் செடியைவிடக் களைச்செடியை விரும்பி மேய்ந்தன. ஆமையோடு சேர்ந்து வளர்ந்த செடிகளுக்கு ஆமையிடமிருந்து தப்பிக்கும் வழி தெரியும், நேற்று வந்த களைக்குத் தெரியாது.


புதியவள்:

ஆமைநடை அண்ணா, மொரீஷியஸ் என்றதும் ஞாபகம் வந்தது. டோடோ பறவை செத்ததால் ஒரு மரமே முளைக்காமல் போயிற்று என்று பள்ளியில் படித்தேனே, அது உண்மையா?


ஆமைநடை:

தம்பலகோக் மரத்தைச் சொல்கிறீர்கள். அந்தக் கதை 1977இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் தொடங்கியது. மிஞ்சியிருப்பவை 13 கிழட்டு மரங்கள், எல்லாமே 300 வயதுக்கு மேல், டோடோவின் அரைப்பையில் உரசினால்தான் கொட்டை முளைக்கும் என்று அதை எழுதியவர் சொன்னார். வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளை ஊட்டினார், 10 உடையாமல் வந்தன, 3 முளைத்தன. ஆனால் ஊட்டாத கொட்டைகளைப் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அப்புறம் மற்றவர்கள் தேடியபோது வயது குறைந்த மரங்களும் இருந்தன, எந்தப் பறவையும் தின்னாத கொட்டைகளும் முளைத்திருந்தன. மரம் குறைந்துபோனதற்குக் காடு அழிந்தது, குரங்கும் பன்றியும் எலியும் வந்தது, களை சூழ்ந்தது என்று பல காரணம். டோடோ அந்தப் பழத்தைத் தின்றிருக்கலாம், ஆமையும் தின்றிருக்கலாம். ஒரு மரத்துக்கு ஒரே பிராணி என்பது தீவுகளில்கூட அரிது.

ஆனால் அந்தக் கதை இத்தனை வருடம் பாடப்புத்தகத்தில் நின்றதற்குக் காரணம் இருக்கிறது, அதன் பாதி சரி. தின்னும் வாய் போனால் மரம் உடனே சாகாது. நூறு வருடம், இருநூறு வருடம் நின்றுகொண்டே இருக்கும், கன்று மட்டும் வராது. பார்ப்பவர்களுக்குக் காடு பச்சையாகத்தான் தெரியும்.


அரணைவால்:

கடைசியில் என் ஆள்களுக்கு ஒரு வாய்ப்பு. விதைப்பை, உங்கள் அரணைகள் பழம் தின்பதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

கண்டங்களில் ஓணானும் பல்லியும் பெரும்பாலும் பூச்சி தின்னும். தீவுக்கு வந்தால் கதை மாறுகிறது. பூச்சி குறைவு, எதிரிகளும் குறைவு, அதனால் பல்லிகள் எக்கச்சக்கமாகப் பெருகுகின்றன. அத்தனை வயிற்றுக்கும் பூச்சி போதாது, பழத்துக்கும் பூந்தேனுக்கும் திரும்புகின்றன. மொரீஷியஸில் ருசேயா என்ற ஏறுகொடிக்கு மகரந்தம் சேர்ப்பதும் விதை பரப்புவதும் ஒரே நீலவால் பல்லிதான். அங்கே வெளியிலிருந்து வந்த ஒரு எறும்பு அந்தப் பூவிலும் பழத்திலும் கூடு கட்டிப் பல்லியை அண்டவிடாமல் செய்கிறது, அதனால் கொடிக்கு இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் கெடுகிறது. நியூசிலாந்தில் சில சிற்றிலைப் புதர்கள் பின்னிக்கிடக்கும் கிளைகளுக்கு உள்ளே வெள்ளையாகவோ வெளிர்நீலமாகவோ பழுக்கின்றன, பறவைக்குக் கூவி அழைக்கிற சிவப்பு இல்லை. அதை எடுக்க உள்ளே நுழைவது பல்லியும் அரணையும்.

எனக்கு மிகவும் பிடித்தது, கூடவே மிகவும் வருத்தமானதும், மெனோர்காவில் நடந்தது. மத்தியதரைக் கடலில் இருக்கும் அந்தத் தீவில் மட்டும் வளரும் ஒரு டாஃப்னே புதர் இருக்கிறது. அதன் பழத்தைத் தின்று விதை பரப்பியது ஒரே ஒரு சுவர்ப்பல்லி வகை. மனிதரோடு வந்த வேட்டைப் பிராணிகளால் அந்தப் பல்லி பெரிய தீவிலிருந்தே மறைந்துவிட்டது. சுற்றியுள்ள சிறு திட்டுகளில் மட்டும் பிழைத்திருக்கிறது, அவற்றில் பல்லியும் புதரும் சேர்ந்து இருப்பது கொலோம் என்ற திட்டில். இப்போது புதர் எங்கே நன்றாகக் கன்று விடுகிறது என்றால் அந்தத் திட்டில்தான். பெரிய தீவில் கிழப் புதர்கள், காலடியில் விழுந்து வீணாகும் பழங்கள். ஆமைநடை சொன்ன பச்சைக் காடு இங்கேயும் அதேதான்.

களை விஷயத்துக்கு வருகிறேன். கானரித் தீவுகளின் பெரிய ஓணான்கள் சொந்தப் புதர்களின் பழத்தோடு சப்பாத்திக்கள்ளிப் பழத்தையும் தின்கின்றன. அந்தக் கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே பரவிய களை. அதே தீவுகளில் கீச்சான் பறவை ஓணானைப் பிடித்துத் தின்னும், ஓணான் வயிற்றில் இருந்த விதை கீச்சான் கக்கும் உருண்டையில் முழுதாக வெளிவரும், அதுவும் முளைக்கும்! பழம் பக்கமே போகாத ஒரு வேட்டைப் பறவை, ஓணான் போகவே முடியாத தூரத்துக்கு விதையைச் சுமந்துபோகிறது. ஆகவே எச்சத்தை ஆராயும்போது பறவை எச்சம், பல்லி எச்சம் என்று பிரித்ததோடு நிற்காமல் பாறைமேல் கிடக்கும் கக்கிய உருண்டைகளையும் எடுத்துப் பாருங்கள்.

ஒரு நடைமுறை விஷயம்: அரணை குளிர் ரத்தப் பிராணி, விதை அதன் வயிற்றில் நாள்கணக்கில் இருக்கும். ஆனால் வீடு விட்டு வெகுதூரம் போகாது. களை விதை அரணை எச்சத்தில் கிடைத்தால் தாய்ச்செடி பக்கத்திலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.


மலைச்சாரல்:

சரி, நான் சற்று இறங்கி வருகிறேன். அஸம்ப்ஷனையும் ஓவாஹூவையும் ஒரே தட்டில் வைத்தது தவறு. பறவை இப்போதுதான் வந்திருக்கிறது, எண்ணிக்கை குறைவு, பக்கத்துத் தீவுக்குத் தாவும் ஆபத்து இருக்கிறது என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பிடிக்க வேண்டும், இதில் நான் மாறமாட்டேன். பல தலைமுறையாக இருந்து, சொந்தப் பறவைகளின் வேலையையும் அதுவே செய்துகொண்டிருக்கிறது என்றால், எடுப்பதற்கு முன் யார் அந்த வேலையைச் செய்வார்கள் என்று காட்டிவிட்டு எடுக்க வேண்டும். விதைப்பை, உங்கள் தீவில் சொந்தப் பழந்தின்னிப் பறவை ஏதாவது மிச்சமிருக்கிறதா?


விதைப்பை:

ஒரு புறா வகை இருக்கிறது, வருடத்தில் சில மாதம் மட்டும் கண்ணில் படும். மற்றபடி மைனாவும் சின்னானும்தான். பெரிய விதை மரங்கள் இரண்டு வகை, அதன் கன்றுகளை நாங்கள் நட்டதைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. இப்போதுதான் காரணம் புரிகிறது.

கூட்டத்தில் பேச ஒரு திட்டம் வேண்டும். அந்தப் பட்ட மரத்தை வெட்டிவிடலாமா? பறவை உட்கார இடமில்லாவிட்டால் களை சிதறாதே?


கூர் அலகு:

வெட்டாதீர்கள். அந்த மரம் உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. களை விதை எங்கே விழும் என்பதை அது ஓரிடத்தில் குவித்துத் தருகிறது. வெட்டினால் பறவை நாற்பது மரத்தில் உட்காரும், நீங்கள் நாற்பது இடத்தில் பிடுங்க வேண்டும். மழை முடிந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்த ஓரிடத்தை மட்டும் சுத்தம் செய்தாலே போதும், சொந்த மரக் கன்று முளைத்திருந்தால் அதைப் பிடுங்காமல் எடுத்து நாற்றங்காலுக்குக் கொண்டுபோகலாம். சில இடங்களில் காட்டை மீட்கிறவர்கள் வெறும் நிலத்தில் கம்பு நட்டுப் பறவையை வரவழைக்கிறார்கள், விதை மழை பெய்யட்டும் என்று. சுற்றிலும் களை காய்க்கிற இடத்தில் அதைச் செய்தால் களைதான் மழையாகப் பெய்யும், ஆகவே முதலில் சுற்றுவட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கம்பு.

களையெடுப்பிலும் வரிசையை மாற்றுங்கள். அடர்ந்த புதர்க்காட்டுக்குள் முதலில் நுழையாதீர்கள். தனியாக, தூரத்தில், காய்க்கத் தொடங்கிய ஒற்றைப் புதர்களைப் பூவிலேயே வெட்டுங்கள், பரவல் அங்கிருந்துதான் முன்னேறுகிறது. மண்ணுக்குள் உறங்கும் விதையையும் கணக்கில் வையுங்கள். மிகோனியா விதை மண்ணில் 15 வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும், ஒருமுறை பிடுங்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் பிடுங்காததற்குச் சமம்.


அரணைவால்:

இதோடு ஒன்று. உண்ணிச்செடியை எடுத்துவிட்டால் அந்த மாதங்களில் பறவைக்கு என்ன சாப்பாடு? அதே மாதங்களில் காய்க்கிற, சின்னப் பழமுள்ள சொந்தப் புதர் எது என்று பார்த்து அதைக் களை இருந்த இடத்திலேயே நடுங்கள். கன்று காய்க்கும்வரை களையை ஒரேயடியாக இல்லாமல் பகுதி பகுதியாக எடுங்கள். உங்கள் புறாவும் அப்போது கூடுதல் மாதம் தங்கலாம். அரணைகளுக்காகத் தரையோரம் காய்க்கும் புதரும் கொஞ்சம் வையுங்கள், கல் குவியல்களைக் கலைக்காதீர்கள், எலி இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். எலி விதையையும் கொறிக்கும், அரணையையும் தின்னும்.


மலைச்சாரல்:

ரீயூனியனில் பறவையைத் தொடாமலே ஒரு வழி கண்டார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்டு ராஸ்பெரியைத் தின்னும் ஒரு குளவியினப் பூச்சியை நீண்ட சோதனைக்குப் பிறகு 2008இல் விட்டார்கள், அதன் புழுக்கள் தாழ்வான பகுதிகளில் புதர்களை மொட்டையாக்கின. தன்னார்வக் குழு செய்யக்கூடிய வேலை இல்லை, அரசும் ஆய்வாளர்களும் பல வருடம் சோதித்துச் செய்ய வேண்டியது. ஆனால் கேட்டு வைப்பதில் தப்பில்லை.


புதியவள்:

நான் இருக்கும் இடத்திலிருந்தே எச்சத்தில் விதை பார்க்கக் கற்றுக்கொள்ளலாம் போலிருக்கிறதே. வடிகட்ட என்ன பயன்படுத்துகிறீர்கள் அக்கா?


விதைப்பை:

சாதாரண டீ வடிகட்டிதான் புதியவள், கண் சிறியதாக இருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள். விதையைக் காயவைத்து வெள்ளைத்தாளில் பரப்பிக் கைபேசியில் படம் எடுத்துக்கொள், பிறகு மரத்திலிருந்து நேரடியாகப் பறித்த பழத்தின் விதையோடு ஒப்பிடு. இரண்டு மாதத்தில் கண் பழகிவிடும்.

எல்லோருக்கும் நன்றி. வலை பேச்சை இந்தக் கூட்டத்தில் தள்ளிவைக்கச் சொல்லப்போகிறேன். பட்ட மரத்தடியில் நான்கு துணிகளைக் கட்டி விழுவதைப் பிடித்து ஒரு வருடம் எண்ணலாம் என்று நினைக்கிறேன். எந்த மாதத்தில் எந்த விதை எத்தனை என்று தெரிந்தால் எந்தப் புதரை நடுவது என்பதும் தெரிந்துவிடும். பெரிய விதை மரங்கள் இரண்டுக்கும் தனியாக ஒரு நாற்றங்கால், அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.


கூர் அலகு:

துணி வேண்டாம், மழைத்தண்ணீர் தேங்கி விதை அழுகிவிடும். நுண்கண் நைலான் வலையைச் சட்டத்தில் கட்டி, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் வையுங்கள், எலி ஏறாதபடி கால்களில் வழுக்கும் தகடு சுற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துவிட வேண்டும். மரம் இல்லாத வெட்டவெளியிலும் இரண்டு வலை வையுங்கள், அப்போதுதான் பறவை உட்காரும் இடத்தில் எவ்வளவு கூடுதல் என்று சொல்ல முடியும். முதல் எடுப்பு முடிந்ததும் படங்களை இங்கே போடுங்கள், விதைகளை அடையாளம் காண நாங்களும் உட்காருகிறோம்.